டப்பா அடுக்குற வேலை

பிப்ரவரி 3, திங்கள்

பத்து நாளுக்கு மேல தள்ளிப் போயிருக்கு. டாக்டர் ஹேமாவதி தேதியைக் குறிச்சு வைன்னு சொன்னதுக்காக வாங்கின டைரி இது. தேதி மட்டும்தான் குறிக்கச் சொன்னாங்க. நான் வாய் ஓயாதவ, பேனாவும் ஓய மாட்டேங்குது.

காலையில கர்ப்பம் பாக்குற அட்டை வாங்கிப் பாத்தேன். ஒரே கோடு. எட்டு வருஷமா எனக்கும் இந்த அட்டைக்கும் இதே வழக்குதான். அது ஒத்தைக் கோட்டைக் காட்டும், நான் தூக்கிக் குப்பையில போடுவேன். இந்த மாதிரி அட்டைக்கு வேணுங்கிற சரக்கைத் தயார் பண்ற கம்பெனியிலதான் நான் வேலை பாக்குறேன்னு நெனச்சா சிரிப்பு வருது.

எங்க கம்பெனியில வெள்ளெலிக்கு ஊசி போடுவாங்க. எதைக் கண்டுபிடிக்கணுமோ அதுல ஒரு துளி. எலி உடம்பு அதை எதிர்த்து ஆன்டிபாடின்னு ஒண்ணைச் சுரக்கும். அப்புறம் எலியை அறுத்து மண்ணீரலை எடுத்து, அதுலேருந்து ஒரே ஒரு செல்லைப் பிரிச்சு வளர்த்து, அதே ஆன்டிபாடியை ஒரே அச்சுல குடம் குடமா எடுப்பாங்க. அதெல்லாம் மாடியில, கண்ணாடி ரூமுக்குள்ள. கீழ எலி வீட்டுல உமி மாத்துறது, தண்ணி வைக்கிறது, கடி வாங்குறது, வெள்ளிக்கிழமையானா வேலை முடிஞ்ச எலியை கேஸ் பெட்டிக்குள்ள விட்டுச் சாகடிக்கிறது எல்லாம் நானும் நஸீமாவும்.

வீட்டுக்கு இது தெரியாது. சேரும்போது பேக்கிங்லதான் சேந்தேன், அங்க ஆள் குறைச்சப்ப எலி வீட்டுக்கு மாத்திட்டாங்க. அதை எப்படிச் சொல்றது? அத்தை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மெஸ் நடத்துறாங்க. மருமக நாள் பூரா எலியைத் தொடுறவன்னு தெரிஞ்சா ஒருத்தன் இட்லி திம்பானா? அதை விடு. அத்தைக்கு எலின்னா பிள்ளையார் வாகனம். மெஸ்ஸுல பொறியில விழுந்ததைக்கூட அடிக்க விட மாட்டாங்க. பொறியோட ஏரிக்கரைக்குத் தூக்கிட்டுப் போய், கன்னத்துல போட்டுக்கிட்டு, திறந்து விட்டுட்டு வருவாங்க. எட்டு வருஷமா எனக்கு ஏன் வயித்துல ஒண்ணும் நிக்கலன்னு ஊர்ல இருக்கிற ஜோசியக்காரனையெல்லாம் கேட்டாச்சு. நான் வெள்ளிக்கிழமையானா என்ன பண்றேன்னு தெரிஞ்சா அப்புறம் ஜோசியமே பாக்க வேண்டாம்.

அதனால பேக்கிங். டப்பா அடுக்குற வேலை.

பிப்ரவரி 6, வியாழன்

எழுத கை வரல. இருந்தும் எழுதுறேன்.

அத்தையும் நானும் டாக்டர்கிட்ட போனோம். ரத்தம் எடுத்தாங்க. சாயங்காலம் கூப்பிட்டு டாக்டர் சொன்னாங்க: "ரத்தத்துல காட்டுது, மங்கையர்க்கரசி. அட்டையில ஆரம்பத்துல தெரியாமப் போறது உண்டு. ரத்த டெஸ்ட்டைத்தான் நம்பணும்."

அத்தை அங்கயே தரையில உக்காந்துட்டாங்க. நான் ஏதோ பைத்தியம் மாதிரி, மேடம் இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. என்ன வேலை பாக்குறீங்க, வெயிட்டு தூக்குறதான்னு கேட்டாங்க. பேக்கிங், டப்பா அடுக்குற வேலைன்னேன். கனமானதைத் தூக்காதீங்கன்னாங்க.

இவருக்கு போன்ல சொன்னேன். ஒண்ணும் பேசல. இவர் எப்பவும் இப்படித்தான், தணிகாசலம்னு பேர் வச்சதுக்குப் பதிலா மௌனசாமின்னு வச்சிருக்கலாம். ஆனா ஒரு மணி நேரத்துல லேத் பட்டறையிலேருந்து ரெண்டு பைப்பைத் தூக்கிட்டு வந்து, மாடிப்படிக்குக் கைப்பிடி வெல்டிங் பண்ண ஆரம்பிச்சுட்டார். நாலு வருஷமா அந்தப் படிக்குக் கைப்பிடி போடுங்கன்னு நான் கத்திக்கிட்டு இருந்தேன்.

பிப்ரவரி 8, சனி

அத்தை கிரைண்டர் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க. உளுந்து வாசம் ஆகாதாம். எனக்கு எல்லா வாசமும் ஆகுது. சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க.

பிப்ரவரி 18, செவ்வாய்

வந்துடுச்சு.

பிப்ரவரி 20, வியாழன்

ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. பை காலியா இருக்குன்னாங்க. கலைஞ்சிருக்கும், இந்த மாதிரி நிறையப் பேருக்கு ஆகுறதுதான், மனசை விடாதீங்கன்னு டாக்டர் ஹேமாவதி சொன்னாங்க. மனசை விடாதீங்கன்னு சொல்ற எல்லாரையும் பிடிச்சு ஒரு ரூமுல அடைக்கணும்.

ரத்தம் மறுபடி எடுத்தாங்க. கலைஞ்சிருந்தா ரத்தத்துல இருக்கிற புள்ள ஹார்மோன் அளவு இறங்கணுமாம்.

வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். வெளிய வந்தா அத்தை நிக்கிறாங்க. தண்ணி வீணாப் போவுதுடின்னு மட்டும் சொன்னாங்க. அவங்க கண்ணும் வீங்கித்தான் இருந்துச்சு.

மார்ச் 1, சனி

அளவு இறங்கல. முன்னூத்திச் சொச்சத்துல அப்படியே நிக்குது. கரு பைக்கு வெளிய எங்கயோ தங்கியிருக்கலாம், விட்டா வெடிச்சு உயிருக்கே ஆபத்துன்னு சொல்லி ஊசி போட்டாங்க. கருவை அழிக்கிற ஊசி.

இதை யார்கிட்டயும் சொல்ல முடியாது, இங்க எழுதுறேன். அளவு இறங்கலன்னு சொன்னப்ப எனக்குள்ள ஒரு மூலையில சந்தோஷமா இருந்துச்சு. இறங்கலன்னா இருக்குன்னுதானே அர்த்தம்? எங்கயோ இருக்கு. வழி தெரியாம எங்கயோ போய் உக்காந்திருக்கு. ஊசி போடுறப்ப நர்ஸு கையைத் தட்டி விட்டுட்டேன். அப்புறம் மன்னிப்பு கேட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஊசிக்கும் அசையல. அதே முன்னூத்திச் சொச்சம். போன வாரம் மயக்கம் குடுத்து பையைச் சுரண்டிப் பாத்தாங்க. அதுலயும் ஒண்ணும் இல்லையாம்.

இன்னிக்கு வேலைக்குப் போனேன். வீட்டுல கிடந்து என்ன பண்றது? கூண்டைத் திறந்தவுடனே ஒண்ணு கட்டை விரலைக் கவ்விடுச்சு. கையுறையை மீறி பல்லு பதிஞ்சுது. நஸீமா மருந்து வச்சுக் கட்டினா. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு கடிக்கு ஒரு நாள் அழுவேன், இப்ப எலி பேரைச் சொல்லித் திட்டுறதோட சரி. நஸீமாவும் கடி வாங்குறவதான், ஆனா அவளுக்கு மூணு பசங்க. இதை எதுக்கு எழுதுறேன்னு தெரியல.

மார்ச் 29, சனி

கட்டியாம்.

கரு தங்குற எடத்துல வர்ற ஒரு மாதிரி புத்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாவும் இருக்குமாம். ஸ்கேன்ல தெரியாதாம். அந்த ஹார்மோனை அதுதான் சுரக்குதாம், வேற எதுவும் இப்படி விடாம காட்டாதாம். எங்கயும் தெரியாத ஒண்ணு, ரத்தத்துல மட்டும் தெரியுது. பெரிய டாக்டர் ஒருத்தர்கிட்டயும் கேட்டாங்களாம், அவரும் அதையேதான் சொன்னாராம்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். இதைச் சரி பண்ணினப்புறம் எனக்குக் குழந்தை பிறக்குமா? பிறக்கும், இந்த வகைக்கு மருந்து நல்லா வேலை செய்யும், ஒரு வருஷம் பொறுத்துக்கிட்டுப் பெத்துக்கலாம்னாங்க. பக்கத்துல நின்ன இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டுச்சு. அப்ப சரி, எந்த எழவு மருந்தா இருந்தாலும் ஏத்துங்கன்னேன்.

கம்பெனியில லீவு எழுதிக் குடுத்தாச்சு.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. அத்தை மாங்காப் பச்சடி பண்ணினாங்க. வாய் பூரா புண்ணு, நாக்குல வைக்க முடியல. இவர் பச்சடியை வடிகட்டி, தண்ணி மாதிரி ஆக்கி, ஸ்பூன்ல குடுத்தார். எரிஞ்சுது. ஆனா முழுங்கினேன்.

முடி தலகாணி பூரா கிடக்கு. எங்க அம்மா செத்தப்ப எனக்குன்னு விட்டுட்டுப் போனது இந்த முடி மட்டும்தான்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதுவும் போச்சு. போகட்டும், முடி முளைக்கும்.

மே 3, சனி

நஸீமா பாக்க வந்தா. வாசல்லயே நிறுத்தி, பேக்கிங்னுதான் சொல்லணும்னு காதுல ஓதி உள்ள கூட்டிட்டு வந்தேன். அவ நல்லவ, ஆனா பொய் சொல்லத் தெரியாது. அத்தை காபி குடுத்துட்டு, பேக்கிங்ல இப்ப வேலை ஜாஸ்தியாம்மான்னு கேட்டதுக்கு, ஆமாம்மா, குட்டி நிறையப் போட்டிருக்குன்னுட்டா. நான் உடனே, குட்டி டப்பா அத்தை, சின்ன சைஸுன்னு சமாளிச்சேன். அவ போற வரைக்கும் எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு.

கிளம்புறப்ப படியில நின்னுக்கிட்டு, நாம பாக்குற வேலையை டாக்டர்கிட்ட சொல்லிட்டியாடின்னு கேட்டா. எலி கடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், ரத்தத்துல இருக்கிறது புள்ள ஹார்மோனுன்னேன். எனக்கென்ன தெரியும், சொல்லி வையேன், சொன்னா என்ன குறைஞ்சா போயிடும்னா. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போன்னு சொல்லிட்டேன். முகம் வாடிப் போயிட்டா, பாவம்.

ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எல்லாம் அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்காங்க. ரூமுக்குள்ளயும் கூடவே வராங்க. அவங்களை வெளிய போகச் சொல்லவா முடியும்?

மே 19, திங்கள்

ரெண்டு விதமான மருந்து ஏத்தியும் அளவு அசையல. மருந்துக்கு மசியாத வகையாம். பையை எடுத்துடணும்னுட்டாங்க. தள்ளிப் போட்டா நுரையீரலுக்குப் போயிடுமாம்.

இவர் கேட்டார், வேற வழியே இல்லையா மேடம்னு. வாழ்க்கையில முதல் தடவையா இவர் ஒருத்தர்கிட்ட கெஞ்சுறதைப் பாத்தேன். அவங்க ஆளைக் காப்பாத்துவோம் முதல்லன்னாங்க. அவங்க கண்ணுலயும் தண்ணி. கெட்டவங்க இல்ல. கெட்டவங்களா இருந்தாத் திட்டியாவது இருப்பேன்.

எனக்கு முப்பத்தி நாலு வயசு.

மே 25, ஞாயிறு

பெட்ல சேத்தாச்சு. நாளைக்கு ஆபரேஷன். இவர் ரத்தம் குடுக்கப் போயிருக்கார். எழுதுறதைத் தவிர இங்க செய்ய ஒண்ணும் இல்ல.

மத்தியானம் ஒரு சின்ன டாக்டர் வந்துச்சு. கயல்விழின்னு பேர். படிப்பு முடிச்சு ஆறு மாசம்கூட ஆகியிருக்காது, கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு புதுசா மின்னுது. எல்லாத்தையும் மறுபடி மொதல்லேருந்து கேட்டுச்சு. சர்க்கரை உண்டா, ஆஸ்துமா உண்டா, முன்னாடி ஆபரேஷன் உண்டா. எல்லாத்துக்கும் நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அத்தையே பதில் சொல்லிட்டாங்க. பயந்துட்டா அத்தை நிறையப் பேசுவாங்க.

கடைசியா அந்தப் பொண்ணு ஃபைலை மூடிட்டு, "வேலையிலயோ வீட்டுலயோ எலி, முயல் மாதிரி ஏதாவது கையாளுறது உண்டா? ஒரு சந்தேகத்துக்குத்தான் கேக்குறேன்"னுச்சு.

அத்தை சிரிச்சுட்டாங்க. இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் சிரிச்சாங்க. "எலியா? இவ பேக்கிங்ல டப்பா அடுக்குறா கண்ணு. பொறியில விழுற எலியைக்கூட நான் அடிக்க விட மாட்டேன், ஏரிக்கரையில கொண்டு போய் விட்டுட்டு வருவேன்"னாங்க.

அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. நான் தலையை ஆட்டினேன். ஆமான்னு ஆட்டினேனா, இல்லைன்னு ஆட்டினேனான்னு எனக்கே தெரியல. அது மேடம்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரேன்னு போச்சு. அப்புறம் வரல. போனாப் போதும்னு இருந்துச்சு எனக்கு. அத்தை என் காலை அமுக்கி விட்டுக்கிட்டு இருந்தாங்க.

மே 28, புதன்

முடிஞ்சுது. தையல் வலி. இருமினா உயிர் போவுது.

ஜூன் 16, திங்கள்

எடுத்த பையைத் துண்டு துண்டா நறுக்கிச் சோதனை பண்ணிப் பாத்தாங்களாம். கட்டி இல்ல. எங்கயும் ஒண்ணும் இல்ல. நல்ல பையாம்.

அளவு அதே முன்னூத்திச் சொச்சம்.

டாக்டர் ஹேமாவதி பேப்பரை ரெண்டு தடவை புரட்டிப் பாத்தாங்க. அப்புறம் மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாங்க. ரத்த டெஸ்ட்டு எல்லாம் பாக்குற பெரிய லேப்பு டாக்டர் ஒருத்தர் இருக்காராம், ஞானராஜ்னு. என் முகத்தைப் பாத்து அவங்க பேசல.

ஜூன் 24, செவ்வாய்

மெட்ராஸுக்கு இவரும் நானும் மட்டும் போனோம். அத்தைக்கு மெஸ்ஸு.

அந்த டாக்டருக்கு அறுபது வயசு இருக்கும். என் ரத்தத்தை மறுபடி பாத்தார், மூத்திரத்தையும் எடுக்கச் சொன்னார். ரெண்டு மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டார். ரத்தத்துல இருக்கு, மூத்திரத்துல துளிகூட இல்ல, நிஜ ஹார்மோனா இருந்தா மூத்திரத்துலயும் இறங்கியே ஆகணும்னார். அப்புறம் என்னைப் பாத்து, எலியோட ஏதாவது பழக்கம் உண்டாம்மான்னு கேட்டார்.

இவர் ஃபைலை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். எலி வீட்டுல வேலை பாக்குறேன்னு சொன்னேன். இவர் பக்கம் திரும்பல.

டாக்டர் ரெண்டு கையையும் மேசை மேல வச்சுக் காட்டினார். ஒரு கையைக் கீழ மல்லாத்தி வச்சார். இது எலியிலேருந்து எடுத்த ஆன்டிபாடி, ஹார்மோனைக் கீழேருந்து பிடிக்கிறது. இன்னொரு கையை மேல கவுத்துப் பிடிச்சார். இதுவும் எலி ஆன்டிபாடி, மேலேருந்து பிடிக்கிறது. நடுவுல ஹார்மோன் இருந்தாத்தான் ரெண்டும் சேரும், சேந்தா ஹார்மோன் இருக்குன்னு மெஷின் சொல்லும். உங்களை எலி கடிச்சுக் கடிச்சு, அந்த வீட்டுக் காத்தை மூச்சு விட்டு, உங்க உடம்பு எலிக்கு எதிரா தானே ஒண்ணைத் தயார் பண்ணி வச்சிருக்கு. அது நடுவுல புகுந்து ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்துச் சேத்துடுதும்மான்னார். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. எலி சரக்கைத் தடுக்குற மருந்தைக் கலந்து மறுபடி ஓட்டிப் பாத்தாராம். சைபர்.

"அப்ப குழந்தை?"ன்னு கேட்டேன்.

"எப்பவுமே இல்லம்மா. கட்டியும் இல்ல. உங்களுக்கு எந்த நோயும் இல்ல."

எந்த நோயும் இல்ல. டாக்டர் அந்தக் கையாலயே கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ஒரு மூத்திர டெஸ்ட்டு, இல்ல எலி பத்தி ஒரு கேள்வி, ரெண்டுல ஒண்ணு இருந்தாக்கூட இது இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னு இவரைப் பாத்துச் சொன்னார்.

எலக்ட்ரிக் ட்ரெயின்ல இவர் எனக்கு ஜன்னல் சீட்டு பிடிச்சுக் குடுத்தார். எதுக்கு மறைச்சேன்னு கேப்பார், கேப்பார்னு தாம்பரம் வரைக்கும் காத்திருந்தேன். கேக்கல. கூடுவாஞ்சேரி தாண்டினப்புறம், "ஆபரேஷனுக்கு முன்னாடி இதை யாராவது உன்கிட்ட கேட்டாங்களா மங்க?"ன்னார்.

கேக்கலன்னேன்.

என்கிட்ட யார் கேட்டாங்க? கேட்டது அத்தையைப் பாத்துத்தான். பதில் சொன்னதும் அத்தைதான். நான் ஒரு வார்த்தை பேசல. வேலை என்னன்னு கேட்டாங்க, பேக்கிங்னு சொன்னேன். அதே கம்பெனிதானே. இவர் என் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டார். செங்கல்பட்டு வர்ற வரைக்கும் விடல.

ஜூன் 26, வியாழன்

நேத்து எழுத முடியல. இன்னிக்குச் சாயங்காலம் மெஸ்ஸை மூடிட்டு வந்தப்புறம் இவர் அத்தையை உக்கார வச்சு எல்லாத்தையும் சொன்னார். எலி வீடு, கடி, ஆன்டிபாடி, எல்லாம். நான் அடுப்படி வாசல்ல நின்னேன். பிள்ளையாரைச் சொல்லித் திட்டுவாங்க, பாவம் பண்ணினவன்னு சொல்லுவாங்க, தலைமுடியைப் பிடிச்சு வெளிய தள்ளுவாங்கன்னு நெனச்சேன். பிடிக்கத் தலையில முடியும் இல்ல. அவங்க கையில இருந்த கொத்தமல்லிக் கட்டை ஒவ்வொரு தழையா ஆய்ஞ்சுக்கிட்டே இருந்தாங்க. வேரைக்கூடக் கிள்ளிக் கிள்ளித் தட்டுல போட்டாங்க.

இவர் இவ்வளவு பேசுறவர்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. நம்ம வீட்டுல ஒரு புள்ள பிறந்திருக்கும்மா, இவளுக்கு ஒண்ணுமே இல்லையாம், நல்ல பையாம், நறுக்கிப் போட்டிருக்காங்கன்னார். "ஒருத்தர் கேட்டிருந்தாப் போதும். ஒரே ஒருத்தர். நீ கூடவேதான இருந்த, அந்த ஆஸ்பத்திரியில எலியைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

அத்தை கை நின்னுச்சு. நிமிந்து என்னைப் பாத்தாங்க. இவரைப் பாக்கல, என்னைத்தான் பாத்தாங்க. அவங்களுக்கு ஞாபகம் இருக்கு. சிரிச்சது ஞாபகம் இருக்கு, டப்பான்னு சொன்னது ஞாபகம் இருக்கு. சொல்லிடுவாங்கன்னு பயந்தேன். சொல்லிடட்டும்னும் இருந்துச்சு.

"யாரும் கேக்கலப்பா"ன்னாங்க.

இவர் எழுந்து போனை எடுத்தார். வக்கீல் ஒருத்தரைப் பாத்துட்டாராம். ஹேமாவதி மேல மட்டும் இல்ல, ஆபரேஷனுக்கு முன்னாடி வந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டுப் போச்சாமே ஒரு சின்ன டாக்டர், கேக்க வேண்டியதைக் கேக்காத அந்தப் பொண்ணு மேலயும் கேஸு போடணும், அதோட படிப்பையே ரத்து பண்ண வைக்கணும்னார். அதுக்குச் சாட்சி வேணுமாம். கூட இருந்தது நாங்க ரெண்டு பேர்தானாம். நாளைக்குக் காலையில வந்து, யாரும் கேக்கலன்னு சொல்லிக் கையெழுத்துப் போடணுமாம்.

அத்தை கொத்தமல்லித் தட்டை எடுத்துக்கிட்டு எழுந்தாங்க. சரிப்பான்னாங்க.

இவர் என்னைப் பாத்தார். நானும் சரின்னேன்.